குறி தவறாத ஏவுகணையும் தவறிப்போகும் நீதியும்





2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29. காபூல் நகரின் நெருக்கமான குடியிருப்புப் பகுதி ஒன்றில், வெள்ளை நிற டொயோட்டா கொரோலா கார் ஒன்று தன் வீட்டு முற்றத்திற்குள் நுழைந்தது. அதை ஓட்டிவந்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஓர் உணவுத் தொண்டு நிறுவனத்தில் பணிபுரிந்தவர். கார் வந்ததைக் கண்ட பிள்ளைகள் அதை நோக்கி ஓடிவந்தனர். அந்நேரத்தில் அமெரிக்க ஆளில்லா விமானம் ஒன்றிலிருந்து ஏவப்பட்ட ஒரே ஓர் ஏவுகணை அந்த முற்றத்தில் விழுந்தது. 10 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் 7 பேர் குழந்தைகள்.

அதற்கு மூன்று நாள்களுக்கு முன்புதான் காபூல் விமான நிலைய வாயிலில் தற்கொலைத் தாக்குதல் நடந்திருந்தது. 13 அமெரிக்கப் படையினரும் ஏறத்தாழ 170 ஆப்கானியரும் அதில் மாண்டனர். உயிர் பிழைக்க வழி தேடி நின்ற மக்களின் நடுவே வெடித்த அந்தக் கொடுஞ்செயலை எந்த மார்க்க நியாயமும் காக்காது. அடுத்த தாக்குதல் ஒரு வெள்ளைக் கொரோலாவில் வரும் என்று அமெரிக்கப் படையினருக்குத் தகவல் கிடைத்தது. காபூல் தெருக்களில் வெள்ளைக் கொரோலாவைவிடச் சாதாரணமான வாகனம் வேறில்லை. அந்தத் தொண்டு ஊழியரின் காரை ஏறத்தாழ எட்டு மணி நேரம் வானிலிருந்து பின்தொடர்ந்தார்கள். அவர் வீட்டுக்காக நிரப்பி ஏற்றிய தண்ணீர்க் கேன்கள் வெடிபொருள்களாகத் தெரிந்தன. அவர் சந்தித்த சக ஊழியர்கள் கூட்டாளிகளாகத் தெரிந்தனர்.

தாக்குதல் நியாயமானதே என்று அமெரிக்க இராணுவத் தலைமை முதலில் சாதித்தது. பத்திரிகையாளர்கள் களத்திலேயே துருவி ஆராய்ந்து உண்மையை வெளிக்கொணர்ந்த பிறகு, செப்டம்பர் 17 அன்று அது தவறு என ஒப்புக்கொள்ளப்பட்டது.

இந்நிகழ்வில் ஏவுகணை தன் இலக்கைத் தவறவிடவில்லை. எந்த இடத்தில் விழ வேண்டுமென்று அதற்குச் சொல்லப்பட்டதோ, அங்கேயே விழுந்தது. தவறியது, அதை ஏவியவர்களின் அறிவு. நம் காலத்தின் மிகப் பெரிய மயக்கங்களுள் ஒன்று இதில் அடங்கியிருக்கிறது: கருவி துல்லியமாக இருந்தால் தீர்ப்பும் துல்லியமாக இருக்கும் என்று மனிதன் நம்பத் தொடங்கிவிட்டான். இதைப் பற்றி மார்க்கத்தின் ஒளியில் சிந்திப்பது நம் கடமையாகும்.

கருவி செய்வது என்ன?

லேசர் வழிகாட்டல் என்பது கேட்பதற்குச் சிக்கலாகத் தோன்றினாலும், அதன் அடிப்படை எளிது. ஆளில்லா விமானத்தின் மூக்கருகே சுழலும் கேமராவோடு ஒரு லேசர் விளக்கும் பொருத்தப்பட்டிருக்கும். இயக்குபவர் இலக்கின்மீது அந்தக் கதிரைப் பாய்ச்சுவார். அது அகச்சிவப்புக் கதிர் என்பதால் கீழே நிற்பவரின் கண்ணுக்குப் புலப்படாது. தன்மீது ஒரு புள்ளி ஒளிர்வது அவருக்குத் தெரியவே தெரியாது. அந்தப் புள்ளியிலிருந்து சிதறித் திரும்பும் ஒளித்துடிப்புகளை ஏவுகணையின் முனையிலுள்ள உணர்கருவி கண்டுகொண்டு, சிறகுகளைத் திருப்பித் திருப்பி அதை நோக்கியே பறக்கும்.

இவ்வகையில் மிகவும் அறியப்பட்டது அமெரிக்காவின் ஹெல்ஃபயர் ஏவுகணை. ஏறத்தாழ ஐந்தரை அடி நீளமும் ஐம்பது கிலோவை ஒட்டிய எடையும் கொண்டது. 1980களில் சோவியத் டாங்கிகளின் இரும்புக் கவசத்தைத் துளைப்பதற்கென்று, ஹெலிகாப்டரிலிருந்து ஏவும் ஆயுதமாக அது பயன்பாட்டுக்கு வந்தது. 2001 பிப்ரவரியில் பிரிடேட்டர் என்னும் ஆளில்லா விமானத்திலிருந்து அதை ஏவிச் சோதித்தார்கள். அவ்வாண்டின் இறுதியிலேயே ஆப்கானிஸ்தானில் அது பயன்பட்டது. 2002 நவம்பரில் யமன் நாட்டில், அறிவிக்கப்பட்ட போர்க்களம் எதுவும் இல்லாத ஓரிடத்தில், ஓடிக்கொண்டிருந்த ஒரு காரின்மீது விழுந்தது. டாங்கிக்கென வார்க்கப்பட்ட ஆயுதம் மனிதர்களைத் தேடத் தொடங்கிய கதை இது. ஏவுகணை விழுவது ஆசியாவில். அதை இயக்குபவர் அமர்ந்திருப்பதோ பெரும்பாலும் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில், குளிரூட்டப்பட்ட ஓர் அறையில்.

அந்தப் பெயரையும் சற்று எண்ணிப் பாருங்கள். ஹெல்ஃபயர் என்றால் நரக நெருப்பு. நெருப்பைக் கொண்டு தண்டிக்கும் உரிமை நெருப்பின் இறைவனுக்கே உரியது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. போர்க்கருவிகளைக் குறித்து ஃபிக்ஹு அறிஞர்களிடையே விரிவான ஆய்வுகள் உண்டு. அவற்றுக்குள் இங்கு நுழையவில்லை. ஆயினும் தன் கைப்பொருளுக்கு மனிதன் இப்படிப் பெயர் சூட்டும்போது, நல்லவர் யார், தீயவர் யார் எனத் தீர்ப்பளிக்கும் அரியணையிலும் தன்னையறியாமல் ஏறி அமர்ந்துவிடுகிறான். அத்தீர்ப்புக்கு வேண்டிய அறிவு அவனிடம் இருக்கிறதா என்பதே கேள்வி.

கண்டது அனைத்தும் அறிவாகுமா?

2011 மார்ச் 17 அன்று பாகிஸ்தானின் வடக்கு வஜீரிஸ்தானில் தத்தா கேல் என்னும் ஊரில் ஒரு ஜிர்கா கூடியிருந்தது. ஜிர்கா என்பது பஷ்தூன் மக்களின் பஞ்சாயத்து. குரோமைட் சுரங்கம் தொடர்பான தகராறு ஒன்றைத் தீர்ப்பதற்காகப் பெரியவர்கள் வட்டமாக அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். வானிலிருந்து பார்த்தவர்களுக்கு அது சந்தேகத்திற்குரிய ஆண்களின் கூட்டமாகத் தெரிந்தது. ஏறத்தாழ 40 பேர் கொல்லப்பட்டனர்.

அக்காலத்தில் அமெரிக்கா கையாண்ட முறைகளுள் ஒன்று, பெயரும் அடையாளமும் தெரியாதவர்களையும் அவர்களின் நடமாட்டத்தை வைத்தே தாக்குவது. எங்கே போகிறார்கள், யாரோடு கூடுகிறார்கள், எத்தகைய வண்டியில் ஏறுகிறார்கள் என்பனவே ஆதாரம். ஒரு சமூகத்தின் வழக்கம் தெரியாதவனுக்கு அதன் பஞ்சாயத்தும் சதிக்கூட்டமாகத்தான் தெரியும். திருமண ஊர்வலமும் படையணியாகத்தான் தெரியும். 2013 டிசம்பரில் யமனின் ரதா பகுதியில் ஒரு திருமண ஊர்வலத்தின் வாகனங்கள்மீது ஏவுகணைகள் விழுந்து 12 பேர் மாண்டதை இங்கு நினைவுகூரலாம்.

திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் 36ஆவது வசனம், அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம் எனத் தடுக்கிறது. செவி, பார்வை, உள்ளம் ஆகிய ஒவ்வொன்றும் மறுமையில் விசாரிக்கப்படும் என எச்சரிக்கிறது. பார்வை விசாரிக்கப்படும் என்பதை ஆழ்ந்து கவனியுங்கள். எட்டு மணி நேரம் பார்த்திருந்தும் பார்த்தது இன்னதென்று அறியாதவர்கள் இருக்கிறார்கள். பார்ப்பது வேறு, அறிவது வேறு. 49ஆம் அத்தியாயம் 6ஆவது வசனமோ, நம்பகமற்றவர் ஒரு செய்தி கொண்டுவந்தால் அதைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளுமாறு முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என்பதே அதற்கு அவ்வசனம் கூறும் காரணம். காபூலில் நடந்தது எழுத்துக்கு எழுத்து இதுவே.

உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களின் நிகழ்வை நாம் பலமுறை கேட்டிருப்போம். போர்க்களத்தில் முஸ்லிம்களைத் தாக்கிக்கொண்டிருந்த ஒருவன், வாள் தன்மீது ஓங்கப்பட்டதும் கலிமாவை மொழிந்தான். உயிருக்கு அஞ்சியே சொன்னான் என்று கருதி உஸாமா (ரலி) அவனைக் கொன்றார்கள். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அவனுடைய உள்ளத்தைப் பிளந்து பார்த்தீரா என்ற கருத்தில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அன்றுதான் தாம் இஸ்லாத்தை ஏற்றிருக்கக் கூடாதா என உஸாமா (ரலி) அவர்கள் ஏங்கும் அளவுக்கு அந்தக் கண்டிப்பு இருந்தது. எதிரி கண்ணெதிரே நின்றான். கையில் ஆயுதம் இருந்தது. சந்தேகத்திற்குக் காரணமும் இருந்தது. அப்படியிருந்தும் உள்ளத்தை ஊகித்துக் கொல்வதற்கு அனுமதி கிடைக்கவில்லை. பல்லாயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்து, திரையில் தெரியும் நிழலின் உள்ளத்தை ஊகிப்பவனுக்கு என்ன அனுமதி இருக்க முடியும்?

தவறு என்ற சொல்லோடு முடிந்துவிடுமா?

இனி, இக்கட்டுரையின் மையமான கருத்துக்கு வருகிறேன். தவறு மனித இயல்பு. இஸ்லாம் அதை மறுக்கவில்லை. ஆனால் உயிர் விஷயத்தில் தவறு என்று சொல்லிவிட்டு எழுந்து செல்ல அது யாரையும் அனுமதிப்பதில்லை.

அந்நிஸா அத்தியாயத்தின் 92ஆவது வசனம் தவறுதலாக நிகழும் கொலையைப் பற்றியது. கொல்லப்பட்டவரின் குடும்பத்தாருக்குத் தியத் எனும் இழப்பீடு வழங்கப்பட வேண்டும். அவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்தாலன்றி அது நீங்காது. அதற்கும் மேலாக, கொன்றவர் ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும். இயலாதவர் இரண்டு மாதங்கள் இடைவிடாமல் நோன்பு நோற்க வேண்டும். உடன்படிக்கை செய்துகொண்ட சமூகத்தைச் சேர்ந்தவர் கொல்லப்பட்டாலும் தியத்தும் பரிகாரமும் உண்டு.

இந்தச் சட்டத்தின் நுட்பத்தைக் கவனியுங்கள். இழப்பீட்டைச் சுற்றத்தார் பகிர்ந்து செலுத்தலாம். ஆனால் நோன்பை வேறொருவர் நோற்க முடியாது. அறுபது நாள்கள் தன் பசியிலும் தாகத்திலும் அவர் அந்த உயிரை நினைத்தாக வேண்டும். அதாவது, ஒவ்வொரு தவறுக்கும் பெயர் சொல்லி அழைக்கத்தக்க ஒரு பொறுப்பாளி இருக்க வேண்டும்.

மக்கா வெற்றிக்குப் பின் நிகழ்ந்த பனூ ஜதீமா சம்பவம் இதற்கு வரலாற்றுச் சான்று. அம்மக்கள் இஸ்லாத்தை ஏற்றதைச் சரியான சொல்லால் வெளிப்படுத்தத் தெரியாமல், மதம் மாறிவிட்டோம் என்ற பொருள்படும் வேறு சொல்லைச் சொன்னார்கள். தளபதி காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் அதை ஏற்காமல், கைதிகளைக் கொல்லுமாறு உத்தரவிட்டார்கள். அப்துல்லாஹ் பின் உமர் (ரலி) அவர்கள் தம் கைதியைக் கொல்ல மறுத்தார்கள். தம் தோழர்களையும் தடுத்தார்கள். செய்தி வந்ததும் நபி (ஸல்) அவர்கள் இரு கைகளையும் உயர்த்தி, காலித் செய்த செயலுக்கும் தமக்கும் தொடர்பில்லை என அல்லாஹ்விடம் இருமுறை முறையிட்டார்கள். பின்னர் அலீ (ரலி) அவர்களைப் பொருளோடு அனுப்பினார்கள். நாய் நீர் குடிக்கும் பாத்திரத்துக்கும் ஈடு கொடுக்கப்பட்டது என்று சீறா நூல்கள் கூறுகின்றன. எஞ்சிய பொருளையும், இரு தரப்புக்கும் தெரியாமல் விடுபட்ட இழப்புகளுக்காக என்று சொல்லி, அலீ (ரலி) அவர்கள் அம்மக்களிடமே விட்டுவந்தார்கள்.

காலித் (ரலி) அவர்கள் மாபெரும் தளபதி. நபியவர்கள் அவரைப் படையிலிருந்து விலக்கவில்லை. ஆனால் அந்தச் செயலை ஒரு கணமும் மூடி மறைக்கவும் இல்லை.

இதன் அருகே காபூலை வைத்துப் பாருங்கள். அமெரிக்க விமானப்படையின் ஆய்வு, இது நேர்மையான பிழை என்றது. ஏவுவதற்கு இரண்டு நிமிடங்களுக்கு முன்பே காணொளியில் ஒரு குழந்தை தெரிந்ததையும் அதே ஆய்வு குறிப்பிட்டது. அது எளிதில் புலப்படும் நிலையில் இல்லை என்றும் சொன்னது. குடும்பத்தாருக்கு இழப்பீடு வாக்களிக்கப்பட்டது. 2021 டிசம்பரில், எவர்மீதும் ஒழுங்கு நடவடிக்கை இல்லை என முடிவாயிற்று. தகவல் தந்தவர், திரையைப் பார்த்தவர், ஆராய்ந்தவர், ஆணையிட்டவர், லேசரைப் பாய்ச்சியவர், பொத்தானை அழுத்தியவர் என்று பொறுப்பு பல கைகளில் பிரிந்து, இறுதியில் ஒரு கையிலும் இல்லாமல் போயிற்று. பத்து ஜனாஸாக்களுக்கு ஒருவர்கூடப் பொறுப்பாளி இல்லை. மறுமையில் மனிதர்களிடையே முதலில் தீர்க்கப்படும் வழக்கு இரத்தம் சிந்தியது பற்றியதே என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அங்கே பொறுப்பைப் பிரித்துக் கரைக்கும் வழி எவருக்கும் இல்லை.

ஒரு நியாயமான எதிர்வாதம்

நகரங்களை அப்படியே குண்டுவீசி அழித்த பழைய போர்களைவிட இது மேலல்லவா என்று சிலர் கேட்கலாம். அக்கேள்வியில் உண்மை உண்டு. ஒரு தெருவையே தரைமட்டமாக்கும் குண்டைவிட ஒரு காரை மட்டும் தாக்கும் ஏவுகணை குறைந்த அழிவையே தருகிறது. பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதைத் தடுத்த மார்க்கம், அழிவைக் குறைக்கும் முயற்சியை இகழாது.

ஆனால் ஆயுதம் எளிதானால் அதை எடுக்கும் கையும் எளிதில் நீளும். தன் வீரரின் உயிருக்கு ஆபத்து இல்லாதபோது, போர் அறிவிக்காத நாட்டிலும் தாக்கத் துணிவு வருகிறது. அந்த வானத்தின் கீழ் வாழ்பவர்களின் அச்சமும் எந்தக் கணக்கிலும் சேராது. 2012 அக்டோபரில், ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிய வேளையில், வடக்கு வஜீரிஸ்தானில் ஒரு மூதாட்டி தம் பேரக்குழந்தைகள் அருகிலிருக்க வயலில் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். மறு ஆண்டு அக்குழந்தைகள் அமெரிக்க நாடாளுமன்றத்திற்கே சென்று சாட்சியம் அளித்தார்கள். கேட்க வந்த உறுப்பினர்கள் ஐந்தே பேர். நீலவானம் தனக்கு இனிப் பிடிக்கவில்லை, மேகம் மூடிய வானமே பிடிக்கிறது, அப்போது ட்ரோன்கள் பறப்பதில்லை என்று பேரன் கூறினான். அல்லாஹ்வின் அத்தாட்சியாக நாம் நம் பிள்ளைகளுக்குக் காட்டும் வானம் அச்சிறுவனுக்கு அச்சமாகிவிட்டது.

நம்மவர் செய்தாலும் நீதி ஒன்றே

இவற்றையெல்லாம் வாசிக்கும்போது, மேற்குலகின் கொடுமை என்று சொல்லி முடித்துவிட நம் மனம் விரும்பும். அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆவது வசனம் அதற்கு இடம்தரவில்லை. ஒரு கூட்டத்தார்மீதுள்ள பகை நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்துவிடக் கூடாது என்கிறது அவ்வசனம்.

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் துருக்கி இன்று ஆயுதம் தாங்கிய ஆளில்லா விமானங்களைப் பல நாடுகளுக்கு விற்கிறது. அவற்றிலிருந்து வீசப்படும் மாம்-எல் என்ற குண்டும் லேசரால் வழிகாட்டப்படுவதே. 2022 ஜனவரி 7 அன்று, எத்தியோப்பியக் கிறிஸ்தவர்கள் இயேசுவின் பிறப்பைக் கொண்டாடும் நாளில், அந்நாட்டின் திக்ராய் பகுதியில் தெதெபித் என்ற ஊரில் புலம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பள்ளிக்கூடம் ஒன்று தாக்கப்பட்டது. 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கே கிடைத்த சிதறல்கள் மாம்-எல் குண்டினுடையவை என மனித உரிமை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இறந்தவர்கள் நம் சமயத்தவர் அல்லர் என்பதால் அவர்களின் இரத்தம் மலிவாகிவிடுமா? அதே துல்லியத்தை நம் பெருமைக்குரிய சாதனையாகப் பகிர்ந்து மகிழ்வோர் நம்மிடையே உண்டு. அவர்கள் இந்தப் பள்ளிக்கூடத்தையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

2023 டிசம்பர் 3 இரவு நைஜீரியாவின் கடுனா மாநிலத்தில் துதுன் பிரி என்ற ஊரில் மீலாத் விழாவுக்காக மக்கள் கூடியிருந்தனர். அந்நாட்டு இராணுவத்தின் ட்ரோன், அவர்களைக் கொள்ளைக் கும்பல் என்று கருதித் தாக்கியது. குறைந்தது 85 பேர் கொல்லப்பட்டனர். ஆயுதம் யார் கையில் இருந்தாலும் வானிலிருந்து பார்க்கும் கண்ணின் குருட்டுத்தன்மை மாறுவதில்லை.

நம் நாடும் இதற்கு வெளியே இல்லை. 2024 அக்டோபரில் இந்தியா 31 எம்.கியூ-9பி ரக விமானங்களை அமெரிக்காவிடமிருந்து வாங்க ஒப்பந்தம் செய்தது. இவை ஹெல்ஃபயர் ஏவுகணையைச் சுமக்க வல்லவை. அதற்கு முன்பே, குத்தகைக்கு எடுத்த அவ்வகை விமானங்களைக் கடற்படை நம் அரக்கோணத்திலுள்ள ராஜாளி தளத்திலிருந்து 2020 முதல் கண்காணிப்புக்காகப் பறக்கவிட்டு வந்தது. தன் எல்லையைக் காப்பது ஒரு நாட்டின் உரிமை. அதில் நமக்கு மாற்றுக்கருத்து இல்லை. குடிமக்கள் என்ற முறையில் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: இந்த ஆயுதம் தவறினால் யார் பதில் சொல்வார்?

நம் பிள்ளைகளுக்கு

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் மின்னணுவியலும் கணினியியலும் விமானப் பொறியியலும் படிக்கிறார்கள். நாளை கேமராவின் படத்திலிருந்து மனிதரை அடையாளம் காணும் மென்பொருளை அவர்களில் ஒருவர் எழுதக்கூடும். அது வெள்ளத்தில் சிக்கியவரைக் கண்டுபிடிக்கவும் பயன்படும், கொல்லவும் பயன்படும். ஹலாலான சம்பாத்தியம் என்றால் வட்டியும் மதுவும் கலவாதது என்று மட்டும் சொல்லி வளர்ப்பது போதாது. தன் உழைப்பு எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்கவும், தேவைப்பட்டால் இப்னு உமர் (ரலி) அவர்களைப் போல மறுக்கவும் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். சங்கிலியில் ஒருவர் மறுத்தாலும் ஓர் உயிர் பிழைக்கும்.

நம் ஒவ்வொருவரின் கையிலும் ஒரு பொத்தான் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்குச் செல்லும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டி, குழந்தை கடத்துபவர் என்ற சந்தேகத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். அவரைக் கொன்ற கைகளுக்கு முன்னால், வாட்ஸ்அப்பில் அந்த வதந்தியைப் பரப்பிய விரல்கள் இருந்தன. ஒவ்வொருவரும் ஒருமுறை மட்டுமே அழுத்தினார்கள். தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்ற இறைக்கட்டளை படைத்தளபதிகளுக்கு மட்டும் உரியதன்று. பக்கத்து வீட்டாரைப் பற்றிய ஒரு சொல்லைக் கேட்கும்போதும், ஒரு படத்தைக் குழுவில் பகிரும்போதும், நிக்காஹ் பேசும் குடும்பத்தைப் பற்றி விசாரிக்கும்போதும் அது நம்மைக் கட்டுப்படுத்தும். தவறிழைத்துவிட்டால், தெரியாமல் அனுப்பிவிட்டேன் என்பதோடு நின்றுவிடாமல், அனுப்பிய அதே குழுவில் மறுப்பையும் அனுப்பி, பாதிக்கப்பட்டவரிடம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

அநியாயமாக இரத்தம் சிந்துவதிலிருந்தும் அதற்குத் துணைபோவதிலிருந்தும் அல்லாஹ் நம்மைக் காப்பானாக. வானிலிருந்து வந்த நெருப்பில் மாண்ட அப்பாவிகளுக்குரிய நீதியை அவன் நிலைநாட்டுவானாக. அவர்களின் குடும்பத்தாருக்குப் பொறுமையையும், பயமற்ற நீலவானத்தையும் வழங்குவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.